வாபஸ் என்றொரு சொல்

“விவாகரத்துதான் ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு அந்தப் போலீஸ் கேஸ்? வாபஸ் வாங்கிவிட வேண்டியதுதானே?”

பர்கூரின் ஜவுளிக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் ஒரே தொனியில் கேட்கப்படுகிற கேள்வி இது. கேட்பவர்களில் படிக்காதவர்களைக் காட்டிலும் படித்தவர்களே மிகுதி. அவர்களுள்ளும் சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், வழக்குரை காதையை மேடைதோறும் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. அரசவையில் சிலம்பை உடைத்தவளைத் தெய்வம் என்பார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தவளைக் ‘கேஸ் போட்டவள்’ என்பார்கள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மணமுறிவுக்குப் பின்னும் வழக்கைத் தொடர்கிறவள் பழிவாங்குகிறாள். முடித்துக்கொள்கிறவள் தொடக்கத்திலேயே பொய்ப்புகார் கொடுத்தவள். இரண்டில் எதைச் செய்தாலும் அவளுக்குப் பெயர் கெட்டது கெட்டதுதான். இப்படி ஒரு பொறியை ஊர் வாய் மட்டும் செய்யவில்லை, சட்டமும் கூடச் சேர்ந்து செய்திருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் அந்த ‘வாபஸ்’. பாரசீக மூலம் கொண்டு உருது வழியாக நம் பேச்சில் குடியேறிய சொல். வேட்புமனுவை வாபஸ் வாங்கலாம், வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கலாம். ஆனால் மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கான புகாரை, அது முதல் தகவல் அறிக்கையாகப் பதிவான பிறகு, கொடுத்தவள் வாபஸ் வாங்க முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு 1983 டிசம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு வரை சிறை, அபராதம். பிணையில் விடுவதற்கு உரிமையில்லாத குற்றம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம். கடைசியாக, கட்சிக்காரர்கள் தமக்குள் சமரசம் செய்து முடித்துக்கொள்ள இயலாத குற்றம். இந்தக் கடைசித் தன்மையைத்தான் ஊரில் எவரும் அறிவதில்லை. வழக்கு அவளுக்கும் அவனுக்கும் இடையில் நடப்பதாக நாம் நினைக்கிறோம். ஆவணத்தில் அது அரசுக்கும் அவனுக்கும் இடையில் நடப்பது. அவள் அதில் ஒரு சாட்சி.

மணமுறிவு வேறு தண்டவாளத்தில் ஓடுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் இருவரும் மனமொத்து மனுச் செய்கிறார்கள், ஆறு மாதம் காத்திருக்கிறார்கள் (2017இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காத்திருப்பைத் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என்றது), தீர்ப்பாணை வருகிறது. அந்த ஆணை குற்றவியல் நடுவர் மன்றத்தில் இருக்கும் வழக்குக் கட்டைத் தொடுவதே இல்லை. கணவன் மனைவி என்ற உறவு இறந்து இரண்டாண்டு கழிந்தும் ‘கணவனால் கொடுமைப்படுத்தப்பட்ட மனைவி’ என்று அழைப்பாணை வந்துகொண்டிருக்கும். அவள் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்த ஊருக்கு வரும், புதிய மாமியார் கையெழுத்திட்டு வாங்குவார். அவனுக்கும் அப்படியே. பெங்களூரு நிறுவனத்தில் வேலை செய்யும் ஓசூர்ப் பையன் வெளிநாடு போகக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனால், குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதாகச் சொல்லி, நீதிமன்ற அனுமதி வாங்கிவரச் சொல்வார்கள்.

அப்படியானால் இருவரும் மனமொத்துப் பிரிந்த பிறகு இந்த வழக்கு எப்படித்தான் முடிகிறது? நடைமுறையில் இரண்டு வழிகள். (விசாரணை முழுமையாக நடந்து தீர்ப்பு வருவது மூன்றாவது. அது நடக்கும்போது நாம் எல்லோரும் ஓய்வு பெற்றிருப்போம்.)

முதல் வழி மலிவானது. ஆகவே பெரும்பாலோர் போவது. வழக்கு சாட்சி விசாரணைக்கு வரும்வரை வாய்தா மேல் வாய்தாவாகக் காத்திருப்பது. வந்ததும் அவள் கூண்டில் ஏறி, “எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, போலீஸார் எழுதிக்கொண்டதை நான் படிக்கவில்லை” என்று சொல்வது. அவளுடைய அப்பா, அண்ணன், சித்தி, எல்லாரும் அதையே சொல்வது. அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சிகள் என்று அறிவிப்பார். ஒப்புக்கு நான்கு கேள்வி கேட்பார். நடுவர் குறித்துக்கொள்வார். அந்த அறையிலிருக்கும் ஒவ்வொருவருக்கும், தவாலி உட்பட, அவள் பொய் சொல்கிறாள் என்பது தெரியும். ஏன் சொல்கிறாள் என்பதும் தெரியும். ‘கடவுள் அறிய உண்மை சொல்வேன்’ என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பொய் சொன்னால்தான் உனக்கு விடுதலை என்று ஒரு பெண்ணை நிறுத்துகிற இந்தக் காட்சி நம் நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது. அதைப் பற்றி எவரும் கூச்சப்படுவதாகத் தெரியவில்லை.

இதன் விளைவு அந்த அறையோடு முடிவதில்லை என்பதே முக்கியம். 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 498ஏ புகார் வந்ததும் இயந்திரம்போல் கைது செய்யக் கூடாது, முதலில் அறிவிப்புக் கொடுத்து அழைத்து விசாரிக்க வேண்டும் என்று காவல் துறைக்குக் கட்டளையிட்டது. நல்ல கட்டளைதான். அத்தீர்ப்பு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2012ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்காட்டியது: கைதானோர் 1,97,762 பேர். அவர்களில் 47,951 பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பெண்கள். மாமியார், நாத்தனார் என்ற உறவுமுறையால் மட்டும் இழுக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். குற்றப்பத்திரிகை தாக்கலான விகிதம் 93.6. தண்டனை விகிதமோ வெறும் 15. விசாரணையில் நின்றவை 3,72,706 வழக்குகள். அவற்றில் 3,17,000 விடுதலையிலேயே முடியும் என்று நீதிமன்றமே மதிப்பிட்டது.

அன்றிலிருந்து இந்த 15 என்ற எண் ஒரு மந்திரமாகிவிட்டது. ‘நூற்றுக்கு 85 புகார் பொய்’ என்று அதை மொழிபெயர்த்துக்கொண்டு திரிகிறார்கள். 2024 டிசம்பரில் பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளர் தற்கொலை செய்துகொண்டபோது நாடெங்கும், ஓசூர், கிருஷ்ணகிரி வரையிலும், மறுபடி இந்த எண்ணே உலா வந்தது. அதே மாதம் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தெலங்கானா வழக்கொன்றில் 498ஏ பிரிவு பழிவாங்கும் கருவியாகப் பயன்படும் போக்கைக் கண்டித்தது. தவறான பயன்பாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மாநிலத்தில் குடியிருந்து தீபாவளிக்கு மட்டும் வந்துபோன நாத்தனாரை ஐந்தாவது எதிரியாகச் சேர்ப்பதை எந்த நியாயத்தால் தாங்கிப் பேசுவது? ஆனால் விடுதலையில் முடிந்தது என்பதும் பொய்ப்புகார் என்பதும் ஒன்றல்ல. அடிபட்ட உண்மையும், பிடுங்கப்பட்ட நகையும், மருத்துவமனைச் சீட்டும் இருந்த ஒரு வழக்கில், பிரிந்துபோகும்போது சீர்வரிசையும் ஒரு தொகையும் திரும்பக் கிடைத்ததற்காக அவள் ‘ஞாபகமில்லை’ என்று சொல்கிறாள். அந்த வழக்கு எந்தக் கட்டத்தில் எண்ணப்படுகிறது? விடுதலைக் கட்டத்தில். சமரசத்தை வெளிப்படையாகச் செய்துகொள்ள வழியில்லாமல் அடைத்துவிட்டு, அதைப் பொய்ச்சாட்சியின் வழியாகப் போகவிட்டு, பிறகு அந்தப் பொய்ச்சாட்சியின் எண்ணிக்கையைக் காட்டிப் பெண்களெல்லாம் பொய்யர்கள் என்கிறோம்.

இரண்டாவது வழி உயர் நீதிமன்றம். சமரசம் செய்யவியலாத குற்றமாயினும், நீதியின் நோக்கத்துக்காக வழக்கையே ரத்து செய்யும் உள்ளார்ந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 482ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 528. ஹரியானாவிலிருந்து வந்த ஜோஷி வழக்கில் 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதில் மனைவியே பிரமாணப் பத்திரம் கொடுத்து, எல்லாம் தீர்ந்தது, மனமொத்த மணமுறிவுக்கும் இசைந்துவிட்டோம் என்கிறாள். சமரசம் செய்ய முடியாத பிரிவு என்று சொல்லி உயர் நீதிமன்றம் மறுக்கிறது. உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளி வழக்கை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கு: எல்லாப் புகாரையும் முடித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்து மணமுறிவு பெற்ற பெண், குற்றப் புகாரை மட்டும் தொடர்ந்தாள். பயனைப் பெற்றுக்கொண்டு வாக்கை மீறலாகாது என்று நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 2012இல் ஞான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களை இப்படி ரத்து செய்ய முடியாது, ஆனால் மணவுறவில் எழுந்த பூசல்களைச் செய்யலாம் என்று வரையறுத்தது.

சட்டம் மனிதத்தன்மையோடுதான் நெகிழ்ந்திருக்கிறது. ஆனால் யாருக்கு எட்டும் உயரத்தில்? பர்கூரிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். (பெங்களூரு 100 கிலோமீட்டர் சொச்சம்; அங்கும் ஓர் உயர் நீதிமன்றம் செங்கல் நிறத்தில் அழகாக நிற்கிறது; எல்லைக்கு இப்பால் பதிவான வழக்கை அது தொடாது.) சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்நாள் ஊதியம் போகும், மாதாந்திர வருகைப்படியும் சேர்ந்து போகும். இங்கே ஒரு வழக்கறிஞர், அங்கே ஒரு வழக்கறிஞர். அடையாளம் காட்டக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர். இத்தனைக்கும் பிறகு, அவளை ஒருமுறைகூடப் பார்த்திராத நீதிபதி சில நிமிடங்களில் ஆணை பிறப்பிக்கிறார். மூன்று ஆண்டுகளாக வாய்தாதோறும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரி நடுவருக்கு அந்த அதிகாரம் இல்லை. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 142ஆம் பிரிவின் துணைகொண்டு, மீளமுடியாமல் முறிந்த மணத்தைத் தானே கலைத்து, அதோடு தொடர்புடைய குற்ற வழக்குகளையும் ஒரே ஆணையில் முடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. டெல்லி வரை போனால் எல்லாம் ஒரே நாளில். உள்ளூரில் எதுவும் இல்லை.

இந்தத் தூரத்துக்குள்தான் பேரம் புகுந்துகொள்கிறது. உடன்படிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தொகை தவணையாகப் பிரிக்கப்படும். மணமுறிவு மனு தாக்கலாகும்போது ஒரு பகுதி; தீர்ப்பாணையின்போது ஒரு பகுதி; மிச்சம், பெரும்பாலும் பெரும்பகுதி, குற்ற வழக்கு ரத்தாகும் நாளில் வரைவோலையாக. அதாவது அவளுடைய புகார் அடகுப் பொருளாகிறது. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் மிரட்டல். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், தனக்குச் சேர வேண்டியதைப் பெற இருக்கும் ஒரே பிடி. இரண்டும் உண்மை. பணத்தைக் கொடுத்த பின் அவள் சென்னைக்கு வரமாட்டாளோ என்று அவன் அஞ்சுகிறான். வந்து கையெழுத்திட்ட பின் வரைவோலை கைக்கு வராதோ என்று அவள் அஞ்சுகிறாள். இரண்டு அச்சங்களுக்கும் காரணம் ஒன்றே: மணமுறிவும் குற்ற வழக்கும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையால் முடிகின்றன.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். ரத்து மனுவோடு அவள் தாக்கல் செய்ய வேண்டிய பிரமாணப் பத்திரம். ஆங்கிலத்தில் இருந்தது, உயர் நீதிமன்றத்துக்குப் போவது ஆங்கிலத்தில்தான் இருக்கும். கடைசிப் பத்தியில், இதிலுள்ளவை யாவும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டன, புரிந்துகொண்டு ஒப்பமிடுகிறேன் என்ற வாசகம். யாரும் படித்துக் காட்டவில்லை. “சார், நீங்க தமிழ் வாத்தியார்தானே, இதத் தமிழ்ல சொல்லுங்க” என்றாள். சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில், கணவருக்கும் எனக்கும் ஏற்பட்ட ‘மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்’ காரணமாக அந்தப் புகார் கொடுக்கப்பட்டது என்றிருந்தது. தவறான புரிதல் என்றேன்.

“யாரு சார் தப்பாப் புரிஞ்சுகிட்டா? கைய ஒடிச்சதையா?”

அது வழக்கமாக எழுதுகிற வாசகம் அம்மா, என்று அவளுடைய வழக்கறிஞர் சொன்னாராம். எல்லா ரத்து மனுவிலும் இருக்கும். உண்மைதான், இருக்கிறது. ஆனால் வழக்கமான வாசகம் என்பதாலேயே அது மேலும் கொடியது. ஒரு பெண் தனக்கு நேர்ந்ததை முதல்முறையாக அரசின் முன் எழுத்தில் வைக்கிறாள்; சில ஆண்டுகளுக்குப் பின் அதே அரசின் முன், தனக்குத் தெரியாத மொழியில், அதைத் தன் புரிதலின் பிழை என்று தானே எழுதித் தர வேண்டியிருக்கிறது. அவளுக்கு அவனைச் சிறைக்கு அனுப்பும் ஆசை இல்லை. விட்டால் போதும் என்றிருந்தாள். விடுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை அந்த ஒரு சொல். கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்?

இந்த இடத்தில் இலக்கிய நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். புறநானூற்றில் 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்கள் ஒரு குடும்ப வழக்கைப் பற்றியவை. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று நாம் பாடம் நடத்தும் வையாவிக் கோப்பெரும் பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் போய்விட்டான். (இவள் கோவலன் மனைவியான கண்ணகி அல்லள்.) கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு பெரும் புலவர்கள் அந்த வழக்கில் நடுவே வந்து பேசுகிறார்கள். நம் காலத்து மொழியில் சொன்னால் சமரச மையம். பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்பதே அவர்களுடைய வேண்டுகோள். எனக்கு இதில் வியப்பூட்டுவது வேறொன்று. பரணர் தம் பாட்டில், அழுதுகொண்டிருந்தவளிடம் நீ பேகனுக்கு உறவோ என்று கேட்டதையும், தான் அவன் உறவல்லள் என்றும், தன்னைப் போன்ற இன்னொருத்தியின் நலம் நாடி அவன் போய்வருவதாக ஊரார் சொல்கிறார்கள் என்றும் அவள் சொன்ன விடையையும் அப்படியே அரசன் முன் வைக்கிறார். அவள் குற்றச்சாட்டை மழுப்பவில்லை. அவள் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லவில்லை. சமரசம் பேசப் போனவர், பாதிக்கப்பட்டவளின் சொல்லைச் சிதைக்காமல் கொண்டுபோனார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நாகரிகம் இன்றைய பிரமாணப் பத்திரத்தில் இல்லை.

அகத்திணை மரபும் இதற்கு அணுக்கமானதே. பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்காகத் தூது வருகிறவர்களை வாயில்கள் என்கிறோம். பாணனும் விறலியும் பார்ப்பானும் தோழியும் அவ்வரிசையில் உண்டு. வாயில் நேர்தலுக்கு எவ்வளவு பாடல் உண்டோ அதைவிட வாயில் மறுத்தலுக்கு மிகுதி. மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் இசைவுக்குப் பொருள் உண்டு என்பது உரையாசிரியர்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி எல்லைக்கு வருவோம். கிருஷ்ணகிரியிலிருந்து மகாராஜகடை வழியாக ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் குப்பம், ஆந்திரம். இப்பகுதியில் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத குடும்பம் அரிது. அந்த ஆந்திர அரசு 2003இல், குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்கு ஒரு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. 498ஏ குற்றத்தை, கொடுமைக்குள்ளான பெண், நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். கேட்ட அன்றே அனுமதி கிடையாது; கேட்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் கழிய வேண்டும்; அந்த இடைவெளியில் இருவரில் எவரும் பின்வாங்கக் கூடாது. அவ்வளவுதான். சில வரிகள். அச்சட்டத்தின்கீழ் குப்பத்துப் பெண் தன் வழக்கு நடக்கும் மன்றத்திலேயே, பொய் சொல்லாமல், தலைநகருக்குப் போகாமல், முடித்துக்கொள்ள முடிந்தது. மகாராஜகடைப் பெண்ணுக்கு அது முடியவில்லை. இருவரும் ஒரே சந்தையில் மாம்பழம் விற்கிறவர்கள்.

ஆந்திரம் செய்ததைப் பின்னர் யார் யாரெல்லாம் பரிந்துரைத்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கை. 2003இலேயே மாலிமத் குழு இக்குற்றத்தைச் சமரசத்துக்குரியதாக்கச் சொன்னது. இந்தியச் சட்ட ஆணையம் 2011இல் 237ஆம் அறிக்கையிலும், 2012இல் 243ஆம் அறிக்கையிலும் சொன்னது. பின்னதில் மூன்று மாத இடைவெளியையும் சேர்த்தே சொன்னது. 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நடுவண் அரசை வலியுறுத்தியது. பிறகு 2023இல் நாடாளுமன்றம் பழைய சட்டங்களை மொத்தமாகக் கழித்துவிட்டுப் புதியவற்றை இயற்றியது. 498ஏ புதிய நூலில் 85ஆம் பிரிவாகப் பெயர் மாறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2023 டிசம்பர் 25. பழைய பிரிவு பிறந்து சரியாக 40 ஆண்டு. பெயரை மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள், சமரசப் பட்டியலில் அதைச் சேர்க்க மட்டும் எவருக்கும் நினைவில்லை.

குற்ற விசாரணை முறை பொதுப்பட்டியலில் உள்ளது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் திருத்தம் செய்யலாம். ஆந்திரம் செய்தது அப்படித்தான். தமிழகத்துக்கு இது புதிதன்று. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்க இந்து திருமணச் சட்டத்தையே 1967இல் திருத்திய மாநிலம் நாம். மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கை ஆந்திரம் 1986இல் தந்தபோது, 1989இல் நாமும் தந்தோம். கர்நாடகம் 1994இல் வந்தது. நடுவண் அரசு 2005இல்தான் விழித்தது. அன்று ஆந்திரத்தைப் பார்த்து மூன்றே ஆண்டில் செய்தோம். இதில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அசையவில்லை. சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, எங்கள் பர்கூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். (1996இல் பர்கூர் அவரைத் தோற்கடித்தது வேறு கதை.) புகார் கொடுக்க ஒரு வாசலைத் திறக்கத் தெரிந்த மாநிலத்துக்கு, கொடுத்தவள் மானத்தோடு வெளியேற ஒரு வாசல் தேவை என்று ஏன் தோன்றவில்லை?

மகளிர் இயக்கங்களில் பலர் இதை எதிர்க்கிறார்கள். அவர்களுடைய மறுப்பு கவனத்துக்குரியது. ‘எல்லாம் பொய் கேஸ்’ கூட்டத்தின் இரைச்சலோடு அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. சமரசத்துக்கு வழி திறந்தால், முதல் நாளிலிருந்தே பெண்ணை நெருக்குவார்கள். பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் ‘முடித்துக்கொள்’ என்று அவளைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்பது அவர்கள் அச்சம். நியாயமான அச்சம். ஆனால் அந்த நெருக்குதல் இப்போது இல்லையா? மனுவுக்கு ஒரு ரசீதைக் கொடுத்துவிட்டு, முதல் தகவல் அறிக்கை பதியாமல், ‘கவுன்சலிங்’ என்ற பெயரில் காவல் நிலைய மரத்தடியில் மாதக்கணக்கில் உட்கார வைப்பது நெருக்குதல் இல்லையா? பிறழ்சாட்சி சொல்ல ஒத்திகை நடப்பது நெருக்குதல் இல்லையா? இவை எதற்கும் பதிவேடு இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. நீதிமன்ற அனுமதியோடு, மூன்று மாத இடைவெளியோடு, நடுவர் அவளைத் தனியாக அழைத்து, அவள் மொழியில், உன் விருப்பத்தில்தான் வந்தாயா என்று கேட்டுப் பதிவு செய்தால், ஒரு சிலராவது ‘இல்லை’ என்று சொல்வார்கள். இப்போது அந்தக் கேள்வியே உள்ளூரில் எங்கும் கேட்கப்படுவதில்லை.

மற்றொரு மறுப்பு: குற்றம் சமுதாயத்துக்கு எதிரானது, தனி ஆள் அதை மன்னிக்க முடியாது. ஏட்டில் அழகாக இருக்கிறது. அந்தச் சமுதாயம் அவளுக்கு வாடகை வீடு கொடுத்ததா, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததா, சாட்சி நாளில் கூட வந்ததா? வராத சமுதாயத்தின் பெயரால் அவளை மட்டும் பத்தாண்டு சாட்சியாக வைத்திருப்பது கொள்கை ஆகாது. கையை ஒடித்தவன் தண்டனையின்றித் தப்புகிறானே என்று எனக்கும் கசப்பு உண்டு. ஆனால் அவன் இப்போதும் தப்பித்துக்கொண்டுதான் இருக்கிறான், அவளைப் பொய் சொல்ல வைத்து. அவள் தண்டனை வேண்டும் என்று நின்றால், நிற்கட்டும். எவரும் அவளைப் பழிகாரி என்று சொல்ல உரிமையில்லை. சமரசத்தை அவளுக்கு ஓர் உரிமையாகத் தர வேண்டுமென்கிறேனே தவிர, கடமையாக அன்று.

ஆகவே வேண்டுவது இவ்வளவே. தமிழகச் சட்டமன்றம், புதிய விசாரணை முறைச் சட்டத்தின் சமரசப் பட்டியலில் 85ஆம் பிரிவைச் சேர்க்கும் ஒரு திருத்தத்தை நிறைவேற்றட்டும். பழைய 498ஏ வழக்குகளுக்கும் அது செல்லட்டும். இணைத்துப் போடப்படும் வரதட்சணைத் தடைச் சட்டப் பிரிவுகளையும், தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் பெண் துன்புறுத்தல் தடைச் சட்டப் பிரிவையும் மறக்கக் கூடாது. மறந்தால் ஒரு பிரிவு முடிந்து மற்றவை தொங்கும், மறுபடி சென்னைக்குப் பேருந்து. அனுமதி ஆணைக்கு முன்பே தொகையும் நகையும் நீதிமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அப்போதுதான் அவனுடைய அச்சமும் அவளுடைய அச்சமும் ஒரே மேசையில் தீரும். பிள்ளையின் பராமரிப்பு இந்தப் பேரத்துக்குள் வரக் கூடாது. அது தாய் எழுதிக் கொடுத்துத் தீர்க்கக்கூடிய கணக்கன்று.

கடைசியாக, ஒரு தமிழாசிரியனின் வேண்டுகோள். சமரச மனுவின் படிவம் தமிழில் இருக்கட்டும். அதில் காரணம் சொல்லும் பத்தி வேண்டாம். சமரசம் அனுமதிக்கப்பட்டால் அதன் விளைவு விடுதலை என்று சட்டமே சொல்லிவிட்டது. அதற்கு அவள் புகாரைப் பொய்யென்றோ புரிதற்பிழை என்றோ ஒப்புக்கொள்ளச் சட்டத்தில் எங்கும் நிபந்தனை இல்லை. ‘நான் இவ்வழக்கைத் தொடர விரும்பவில்லை’ என்ற ஒரு வரி போதும். அதன் கீழ் அவள் கையெழுத்து, தேதி.